நிலக்கரிச் சாலையில் ஒரு வரப்பு

இந்த ஊரில் மழை வருகிறதென்றால் எல்லோர் முகமும் சுருங்கிவிடுகிறது. கலிமந்தான் வந்து சேர்ந்த முதல் வாரம், சுரங்க அலுவலகத்துச் சன்னலில் நாலு துளி விழுந்ததும் நான் "மழை!" என்று தமிழிலேயே கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். பின்னால் ஒருவரும் வரவில்லை. திரும்பிப் பார்த்தால், உற்பத்திப் பிரிவு மேலாளர் பாக் தர்மா என்னை முறைத்துக்கொண்டிருந்தார். ('பாக்' என்றால் இந்தோனேசியாவில் ஐயா, நான் 'இபு', அதாவது அம்மா.) எல்லா லாரிகளையும் நிறுத்தச் சொல்லி அப்போதுதான் வாக்கிடாக்கியில் உத்தரவு போட்டிருந்தார் மனிதர். அவர் பிழைப்பில் மண் விழுந்ததைப் பார்த்து நான் சிரிப்பதாக நினைத்துவிட்டார். வானம் பார்த்த பூமியான பள்ளத்தூரின் பெண் மழையைப் பார்த்துச் சிரிக்காமல் வேறு என்ன செய்வாள்? அதைச் சொல்ல அன்றைக்கு என்னிடம் அவர்கள் பாஷையில் பத்து வார்த்தைகூட இல்லை.

நான் சாலைப் பொறியாளர். தார்ச்சாலை என்று நினைத்துவிடாதீர்கள். குழியின் அடியிலிருந்து நிலக்கரியைச் சுமந்து மேலேறும் லாரிகளுக்கான மண்சாலை. அந்த லாரியின் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றால் என் தலை அதன் பாதியைக் கொஞ்சம்தான் தாண்டும். நம் காரைக்குடிச் செக்காலை ரோட்டில் அப்படி ஒன்றை விட்டால் இரண்டு பக்கத்துக் கடைகளும் காலி. இரண்டு லாரிகள் எதிரெதிரே போய்வர, லாரியின் அகலத்தைப் போல மூன்றரை மடங்கு அகலத்துக்குச் சாலை வேண்டும். தடம் தவறினால் உருண்டுவிடாமல் இருக்க, ஓரத்தில் பாதிச் சக்கர உயரத்துக்கு மண்ணைக் குவித்து ஒரு கரை போடவேண்டும். இதெல்லாம் அங்கே ஏற்கெனவே ஒழுங்காகத்தான் இருந்தது. சாலையின் மேல்தோல்தான் சனியன். வெறும் களிமண். ஒரு மழை போதும், சோப்பு தேய்த்த தரை மாதிரி ஆகிவிடும். அது காயும்வரை அத்தனை லாரிகளும் வரிசையாகத் தூங்கும். இங்கேயோ மழை விட்டால்தானே காயும்!

"மேல்தோலை மாற்றலாம்" என்று படம் போட்டுக்கொண்டு போய் நின்றேன். சுரங்கத்திலேயே வெட்டிக் கொட்டுகிற மணற்பாறையை உடைத்துச் சலித்து, அளவாகக் களிமண் கலந்து, நீர் தெளித்து உருளை ஓட்டவேண்டும். வெறும் கல் என்றால் பெயர்ந்து ஓடும். வெறும் களி என்றால் வழுக்கும். இரண்டும் சரியாகச் சேர்ந்தால், வெயிலில் களி கல்லைப் பிடித்துக்கொள்ளும், மழையில் கல் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். பாக் தர்மா நெடுநேரம் படத்தைப் பார்த்தார். கடைசியில், குழியிலிருந்து ஏறும் செங்குத்தான ஒரு சாலையை மட்டும் கொடுத்தார். "முதல் மழை விட்டதும் லாரி ஏறவேண்டும். ஏறவில்லையென்றால் இந்த மாதத்தோடு நீங்கள் ஊருக்குப் போகலாம், இபு" என்றார், சிரித்த முகத்தோடே. இங்கே கோபத்தையும் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள்.

எனக்குத் திரும்பிப் போக இஷ்டமில்லை. பட்டென்று சொல்லிவிடுகிறேன். காரைக்குடியில் சிவில் படித்து முடித்த நாளிலிருந்து, "பொம்பளப்பிள்ளைக்குச் சுரங்கத்துல என்ன சோலி?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. தோற்றுப்போய் அவர்கள் முன்னால் பெட்டியோடு இறங்க நான் தயாராக இல்லை. சாலை வேலை முடியும் தறுவாயில் அப்பா போன் செய்தார். அவருக்கு விவசாயம்தான் (எங்கள் பக்கம் சம்சாரி என்போம்), ஊரில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்குட்டு மழையாத்தா?"

"வரப்போகுதுப்பா. இன்னும் ரெண்டு நாள் வராம இருந்தாத் தேவலை."

"வாயக் கழுவு! வாற மழைய வேணாங்குறவ ஒரு சம்சாரி வீட்டுப் பிள்ளையா?"

"நீங்க வேற, என் நெலம தெரியாமப் பேசுறீக" என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சாலை முடிந்தது. சும்மா சொல்லக்கூடாது, அழகாக வந்திருந்தது. கடைசியாகப் பார்வையிட நடந்தபோது, ஓரத்துக் கரையில் இடையிடையே வாய் திறந்திருந்தது. தண்ணீர் வெளியேற, படத்தில் நானே விட்ட வாய்கள்தான். ஆனால் உடைந்த கரையைக் கண்டால் எங்கள் பக்கத்து ஆளுக்குக் கை சும்மா இருக்குமா? கோடை மழையில் ஒரு சொட்டுக்கூட வயலைவிட்டுப் போகக்கூடாது என்று வரப்பை மிதித்து மிதித்து அடைத்த கூட்டம் நாங்கள். "இதையெல்லாம் அடைத்துவிடு" என்று எக்ஸ்கவேட்டர் ஓட்டும் ரினியிடம் சொல்லிவிட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "சரி, இபு" என்று அடைத்தாள். கரை முழுசாக நின்றதைப் பார்த்து எனக்கு மனசு நிறைந்துபோயிற்று!

மறுநாள் மத்தியானமே மழை கொட்டியது. லாரிகள் நின்றன. ஓட்டுநர்கள் அத்தனை பேரும் கூரைக்கு அடியில் போய்விட்டார்கள். நான் குடையை எடுத்துக்கொண்டு சாலைக்குப் போனேன். மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறதென்று கூடவே நடந்து பார்ப்பது எங்கள் ஊரில் சோறு தின்பது மாதிரி. கண்மாய்க்குப் போகிற வரத்துக்கால் ஓரமாகப் பாதி ஊர் நடக்கும். இங்கே என்னைப் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள். மேலே இருந்து தண்ணீரோடு இறங்கினேன். கல்லும் களியும் கெட்டியாக நின்றன, பூட்ஸ் வழுக்கவில்லை. சந்தோஷத்தில் விசிலடிக்கலாம் போலிருந்தது. வளைவுக்கு வந்தேன். அடப்பாவி! போக வழியில்லாமல் தண்ணீர் கரையோரம் முழங்கால் உயரத்துக்குத் தேங்கி நின்றது. சாலையை நடவுக்குத் தயாரான வயலாக்கி வைத்திருந்தேன். இன்னும் கொஞ்ச நேரம் ஊறினால் மேல்தோல் உரிந்து வந்துவிடும்.

ரினி வளைவுக்கு வெளியே, தன் வண்டிக்குள் மழை விடக் காத்திருந்தாள். வாக்கிடாக்கியில் கத்தினேன்: "ரினி, கரையை வெட்டு!"

"எந்த இடத்தில், இபு?"

"நான் நேற்று அடைக்கச் சொன்ன எல்லா இடத்திலும்!"

அவள் சிரித்த சத்தம் மழையையும் மீறிக் கேட்டது. நான் விலகி நின்றதும், நின்ற இடத்திலிருந்தே எந்திரக் கையை நீட்டி ஒரு கொத்து கொத்தினாள். தேங்கியதெல்லாம் பாய்ந்து வெளியே ஓடியது. பிறகு கரையோரமாகவே வண்டியை நகர்த்தி அடுத்த வாய், அதற்கடுத்த வாய். சாலை தலையைத் துவட்டிக்கொண்டு எழுந்தது. மழை விட்டதும் பாக் தர்மா தன் ஜீப்பில் வந்து இறங்கி, குதிகாலால் தரையை உதைத்துப் பார்த்தார். மறுபடி உதைத்தார். வாக்கிடாக்கியை எடுத்து, சுமையோடு ஒரு லாரியை அனுப்பச் சொன்னார். அது அடியிலிருந்து உறுமிக்கொண்டு ஏறியது. ஒரு சக்கரம்கூடச் சறுக்காமல் எங்கள் முன்னால் ஏறிப் போனது. பின்னாலேயே அடுத்தது. ஓட்டுநர்கள் ஆரன் அடித்துக்கொண்டு போனார்கள். அழுதேன், வேறென்ன. மழையில் நனைந்த முகம், யாருக்குத் தெரியப்போகிறது!

"மற்ற சாலைகளை எப்போது ஆரம்பிக்கிறீர்கள், இபு?" என்றார் பாக் தர்மா. இந்த முறை நிஜச் சிரிப்பு. இன்றைக்கு இந்தச் சுரங்கத்தில் என் கை படாத சாலை கிடையாது. சொந்தக்காரர்கள் இப்போது, "எங்க பிள்ளைக்கும் அங்குட்டு ஒரு வேல பாரேன்" என்கிறார்கள். பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

போன விடுமுறையில் பள்ளத்தூருக்குப் போயிருந்தபோது நல்ல மழை பிடித்துக்கொண்டது. அப்பாவும் நானும் ஆளுக்கொரு மண்வெட்டியோடு வயலுக்கு ஓடினோம். அவர் அந்தக் கோடியில், நான் இந்தக் கோடியில். வயலில் தண்ணீர் நிரம்பி வரப்பை முட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். அவ்வளவுதான் தெரியும். அப்பா அலறிக்கொண்டு ஓடி வந்தார்.

"என்னத்தா செய்யிற, கிறுக்கி? இருக்க தண்ணியவும் தொறந்து விடுற!"

குனிந்து பார்த்தால், வரப்பில் கச்சிதமாக ஒரு வாய் வெட்டியிருந்தேன். மண்வெட்டியை எறிந்துவிட்டு இரண்டு கையாலும் சேற்றை அள்ளி அள்ளி அடைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவும் அள்ளினார். விரலிடுக்கு வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.