உள்ளேயிருந்து எண் சொன்ன குரல்

இதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். என் மனைவி லவோன் இப்போது அடுத்த அறையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். அவள் காதுபட இதைப் பேச எனக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஒரு சொல்கூட இதில் கூட்டிச் சேர்க்கவில்லை. நடந்தது நடந்தபடி.

அது அக்டோபர் மாதம். வடக்கு டகோட்டாவில் பீட் அறுவடை. சர்க்கரை எடுக்கிற வெள்ளைக் கிழங்கு அது. லாரி லாரியாக வந்து கொட்டும். அதை மலை மாதிரிக் குவிக்கிற இயந்திரத்தின் அடியில் எனக்கு வேலை. ராத்திரி எட்டு மணிக்குப் போனால் காலை எட்டு மணிக்குத்தான் விடுவார்கள். எங்களுக்கு வீடு என்று இருந்தது ஒரு பழைய கேரவன்தான். வேலை எங்கேயோ, அங்கே அதை இழுத்துக்கொண்டு போவோம். அந்த வருஷம் லவோனுக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன் ஆகியிருந்ததால் அவளால் வேலைக்கு வர முடியவில்லை. கோலை ஊன்றித்தான் நடப்பாள்.

அறுவடைச் சமயத்தில் கேரவன் நிறுத்த இடம் கிடைக்காது. கடைசியில் ஊருக்கு வெளியே, கேரவன்களை வாடகைக்கு நிறுத்துகிற ஒரு பார்க்கில் கிடைத்தது. அதைப் பார்த்துக்கொள்கிற ஆர்னே எங்களைக் கோடிக்குக் கூட்டிப் போனார். பக்கத்தில் வரிசையாக உயரமான மரங்கள்.

“எல்லா இடமும் நிரம்பிக் கிடக்கு. இது மட்டும் எப்படிக் காலியா இருக்கு?” என்றேன்.

“மரத்தைப் பாருப்பா. தெக்குப் பக்கம் வானத்தையே மறைக்குது. டிஷ்ஷுக்கு சிக்னல் வராது. அதான் ஒருத்தரும் எடுக்கிறதில்ல” என்றார் ஆர்னே.

பேசும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் சொன்னது சரிதான். அன்று சாயங்காலம் டிவியில் படம் துண்டு துண்டாக வந்தது. காற்றில் இலை ஆடினால் அதுவும் போய்விடும்.

“இந்தாளு மூக்கு ஒரு பக்கம் நிக்குது, வாய் ஒரு பக்கம் போகுது கிழவா” என்றாள் லவோன்.

“நீ வச்ச சூப்பைக் குடிச்சிருப்பான்.”

“அந்த சூப்பைத்தான் ரெண்டு கிண்ணம் ஊத்திக் குடிச்சே.” பிறகு அவள் குரல் இறங்கியது. “நீ போயிட்டா விடிய விடியக் காத்துச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே கிடக்கறேன். எனக்குப் படம்கூட வேணாம். ஒரு மனுஷக் குரல் கேட்டாப் போதும்.”

“காலைல வந்ததும் சரி பண்றேன்” என்றேன்.

எங்கே போனாலும் டிஷ் திருப்புவது எங்கள் இரண்டு பேர் வேலை. நான் வெளியே. அவள் உள்ளே, ஜன்னலோர மேஜையில், டிவி முன்னால். டிவியோடு மாட்டுகிற எங்கள் செட்-டாப் பாக்ஸ் பழசு. சிக்னலைக் காட்ட அதில் ஒரு பட்டை வரும். சிவப்பு, மஞ்சள், பச்சை. அவ்வளவுதான். நான் மயிரிழை திருப்புவேன். பாக்ஸ் மெதுவாகத்தான் பிடிக்கும் என்பதால் கொஞ்சம் பொறுப்பேன். “இப்போ?” என்பேன். அவள் நிறத்தைக் கத்துவாள். பச்சை என்றால் திருகை முடுக்கிவிட்டு உள்ளே போய்க் காபி குடிப்பேன்.

மறுநாள் காலை வேலையிலிருந்து வந்தபோது ஒரே மூடுபனி. கை விறைத்தது. உள்ளே லவோன் கேஸ் ஹீட்டரைப் போட்டுவிட்டு, கதவு ஜன்னலெல்லாம் இறுக்கச் சாத்தியிருந்தாள். தூக்கம் கண்ணைக் கட்டியது. படுத்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று தெரியும். நேரே டிஷ்ஷைத் தூக்கினேன். நீளக் கேபிளைப் போட்டு, மரங்களுக்கு நடுவே சின்ன இடைவெளி தெரிகிற இடம் வரைக்கும் கொண்டுபோனேன். டிஷ்ஷைத் தாங்குகிற முக்காலியை மட்டம் பார்த்து நிறுத்தினேன். ஜன்னலில் லவோன் கையாட்டினாள். அப்போது மணி எட்டே முக்கால்.

“இப்போ?”

“சிவப்பு!”

“இப்போ?”

“சிவப்புதான்! நீ திருப்பி முடிக்கிறதுக்குள்ள எனக்குப் பேரன் பேத்தியே பொறந்துடும்!”

“புள்ளையே இல்ல, பேரன் எங்கேருந்து வருவான்? ஒழுங்காப் பாரு!”

“மஞ்சள் லேசா எட்டிப் பாக்குது... போயிடுச்சு!”

கேபிள் முனையைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஈரம். துணியால் துடைத்து, வாயால் ஊதி, மறுபடி மாட்டினேன். விரல் மரத்துப்போயிருந்ததால் அதற்கே வெகு நேரம் ஆனது.

“இப்போ?”

பதில் இல்லை.

“லவோன்! இப்போ?”

கொஞ்ச நேரம் கழித்துக் குரல் வந்தது.

“நாப்பத்திரண்டு.”

திருப்பினேன்.

“நாப்பத்தஞ்சு.”

மனசுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏறுகிறதே என்று. பன்னிரண்டு மணி நேரம் இயந்திரத்தின் இரைச்சலில் நின்றுவிட்டு வந்தவனுக்கு அதற்குமேல் யோசனை ஓடவில்லை.

“அம்பத்திரண்டு. இன்னும் இடது பக்கம், ஓரின்.”

ஓரின்...

என் பெயர்தான். ஆனால் லவோன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. கோபம் வந்தால் மட்டும்தான் பெயர் வரும். சூப்பைப் பற்றிச் சொன்னது இன்னும் மனசில் இருக்கிறது போல, என்று நினைத்துக்கொண்டேன்.

“படம் வருதா?”

“அறுபத்தெட்டு.”

“படம் வருதான்னு கேட்டேன்!”

“எழுபது. நிறுத்தாதே.”

அப்போதுதான் ஒன்று உறைத்தது. ரோட்டில் லாரிச் சத்தம் இல்லை. அறுவடைச் சமயத்தில் அந்த ரோட்டில் லாரி நிற்கவே நிற்காது. குளிர் அதிகமாகிவிட்டால் கிழங்கு கெட்டுவிடும் என்று வேலையை நிறுத்துவார்கள். அப்படித்தான் ஏதோ, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் நாய் குரைப்பதும் இல்லை. பறவைச் சத்தமும் இல்லை. மரத்தில் இலை ஆடியது... அதற்கும் சத்தம் இல்லை.

அந்தக் குரல் மட்டும்தான்.

முதலில் அவள் கத்தினாள். இப்போது கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். இருந்தும் காதோரம் சொல்வது மாதிரிக் கேட்டது.

“எண்பத்திமூணு. இன்னும் இடது பக்கம்.”

டிஷ்ஷோடு நானும் நகர்ந்துகொண்டே இருந்தேன். கண் முழுக்கத் திருகின் மேல்தான். கையை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

கை வரவில்லை.

“எண்பத்தெட்டு.”

திருப்பினேன்.

“தொண்ணூத்தியொண்ணு.”

தலையை நிமிர்த்தினேன்.

டிஷ் வானத்தைப் பார்க்கவில்லை. மரத்தையும் பார்க்கவில்லை. எங்கள் கேரவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. நேராக அந்த ஜன்னலை.

ஜன்னலில் லவோன்.

நெற்றி கண்ணாடியில் சாய்ந்திருந்தது. கண் திறந்திருந்தது. என்னையே பார்த்தாள். வாய் மூடியிருந்தது.

அந்த வாய் மூடியிருக்கும்போதே...

“இன்னும் கொஞ்சம்தான், ஓரின்.”

எங்கள் பாக்ஸில் எண் வராது.

வெறும் நிறம்தான்.

ஓடினேன்.

கதவை இழுத்தேன். வரவில்லை. மறுபடி இழுத்தேன். உள்ளே யாரோ பிடித்துக்கொண்டிருந்த மாதிரி... காலை வாசல்படிமேல் ஊன்றி இழுத்தேன்.

திறந்தது.

திறந்ததும் சத்தம் முகத்தில் அறைந்தது. விஷவாயு அலாரம். கீ... கீ... கீ... என்று அலறிக்கொண்டிருந்தது. அட்டை மாதிரிச் சுவர் அது. உள்ளே ஸ்பூன் விழுந்தால் வெளியே கேட்கும். எனக்கு அதுவரை ஒன்றும் கேட்கவில்லை.

அவளை இழுத்து வெளியே போட்டேன். “லவோன், லவோன்” என்று கத்தினேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். கன்னத்தைத் தட்டுவேன், பெயரைச் சொல்வேன். ஆர்னே ஓடிவந்தார். ஆம்புலன்ஸுக்கு அவர்தான் போன் செய்தார். அது வருகிறவரைக்கும் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு மூச்சு இருக்கிறதா, இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவை நிற்கவே இல்லையாம். பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பத்து நிமிஷம் திருப்பியிருப்பேன் என்று நினைத்திருந்தேன். ஆம்புலன்ஸ் கிளம்பும்போது மணி பத்தரை.

ஹீட்டரின் புகைக்குழாயைக் குளவி மண்ணால் அடைத்திருந்ததால் விஷவாயு உள்ளேயே தங்கிவிட்டது. போன வருஷத்து மண்ணா, அதற்கும் முந்தினதா, யாருக்கும் தெரியவில்லை. நான் கதவைத் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே அவளுக்குப் பேச்சு நின்றிருக்கும் என்றார் டாக்டர்.

“இல்ல சார். கடைசி வரைக்கும் பேசிக்கிட்டுத்தான் இருந்தா” என்றேன்.

டாக்டர் என் தோளைத் தட்டினார். தூக்கமில்லாதவன் பேச்சு என்று நினைத்திருப்பார்.

மூன்றாம் நாள் லவோன் பேசினாள். இதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்.

“நான் உன்னைப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். கூப்பிடணும், வாய் வரல. நீ திரும்பவே மாட்டேங்கிறே. எனக்குப் பின்னாடி, படுக்கைப் பக்கம்... யாரோ எண் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. என் குரல் கிழவா. என் குரலேதான். திரும்பிப் பாக்கலாம்னா கழுத்து அசையல.”

அன்று சாயங்காலம் ஆர்னே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றார்.

“போன வருஷமும் அதே இடத்துல ஒரு அம்மா” என்றார். “அவங்க உள்ள. புருஷன் வெளிய, டிஷ்ஷைப் புடிச்சுக்கிட்டு. அந்த அம்மா பொழைக்கல.”

“மரம் மறைக்குதுன்னு சொன்னீங்களே?”

“மரம் மறைக்கிறதும் நெசம்தானேப்பா.”

அவரைத் திட்ட எனக்குத் தெம்பில்லை. ஒரு போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் புருஷனுடையது. டெல்பர்ட் என்று பெயர்.

பல வாரம் அதை வைத்துக்கொண்டே இருந்தேன். கேரவனை விற்றோம். இந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்தோம். இங்கே டிவி இல்லை. லவோன் கேட்கவும் இல்லை. ஒருநாள் அவள் குளிக்கும்போது போனை எடுத்தேன்.

நான் சொன்னது முழுவதையும் டெல்பர்ட் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“நான் உள்ள போறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே அவ போயிட்டான்னு டாக்டர் சொன்னாரு. ஆனா நான் உள்ள போற வரைக்கும் அவ எனக்கு எண் சொல்லிக்கிட்டே இருந்தா. எங்க பாக்ஸ்ல எண் வரும். அதனால எனக்குச் சந்தேகமே வரல.”

குளியலறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டேன்.

“உங்ககிட்ட எது வரைக்கும் போச்சு?” என்று கேட்டார்.

“தொண்ணூத்தியொண்ணு.”



“எங்கிட்ட தொண்ணூத்திநாலு” என்றார்.