பேனுக்கு வாங்கிய முதல் ரேங்க்

என் ஷெட்டில் இன்றைக்கு முப்பத்தாறு தறி ஓடுகிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். இருந்தாலும் வாசலில் நின்றபடியே, சத்தத்தை வைத்து, எந்தத் தறி நின்றுபோயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இன்ஜினீயருக்குப் படித்த என் மருமகனுக்கு அது வராது. இதையெல்லாம் ஊர் ஒத்துக்கொள்கிறது. நான் ஆராய்ச்சிக்கு உதவியவள் என்று சொன்னால் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நடந்ததை நான் எழுதிவைத்துவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். சோமனூர்ப் பக்கம் எங்கள் ஊர். அப்பா ஒரு ஷெட்டில் இரவு ஷிப்ட், அம்மா இன்னொரு ஷெட்டில் பகல் ஷிப்ட். இரண்டு பேருக்கும் நடுவில் நான் தானாகவே வளர்ந்தேன். என் தலையில் பேன்களும் அப்படித்தான் வளர்ந்தன. வகுப்பில் என்னைக் கடைசிப் பெஞ்சில் தனியாக உட்கார வைத்திருந்தார்கள். என் ரிப்பன் பட்டால்கூட மற்ற பிள்ளைகள் கையை உதறுவார்கள். எனக்கென்ன, கால் நீட்டி உட்கார இடம் கிடைத்தது என்று சொல்லிக்கொள்வேன். வீட்டுக்குப் போய் அழுதது வேறு கதை.

அப்படி ஒரு சனிக்கிழமை, போத்தனூரிலிருந்து பாசஞ்சர் ரயில் ஏறி ஒரு அக்கா வந்தார். காலேஜில் பூச்சிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாராம். கடையில் விற்கிற பேன் மருந்துக்கு டவுனில் இருக்கிற பேன் இப்போதெல்லாம் சாவதில்லையாம். மருந்தையே பார்த்திராத பேன் வேண்டும் என்று தேடிக்கொண்டு வந்திருக்கிறார். பள்ளிக்கூட மரத்தடியில் வெள்ளைத் துணியை விரித்து, எங்களை வரிசையில் உட்காரவைத்துச் சீவினார். ஒருத்திக்கு ஏழு, ஒருத்திக்குப் பதினொன்று. இரண்டாவதாக வந்தவளுக்குப் பத்தொன்பது. எனக்கு நாற்பத்தாறு.

"அடேயப்பா! நீதான் கண்ணு ஃபர்ஸ்ட்" என்றார் அக்கா.

படிப்பிலோ ஓட்டத்திலோ எனக்குக் கிடைக்காத சொல் அது. என் பெயரையும் ஊரையும் ஒரு சீட்டில் எழுதிப் பேன் குப்பியில் ஒட்டினார். கைதட்டியது நான் மட்டும்தான்.

ஒரே ஒரு நிபந்தனை. இன்னும் இரண்டு சனிக்கிழமை அக்கா எங்கள் வீட்டுக்கே வந்து சீவுவார். அதுவரை என் தலையில் மருந்தோ பேன் சீப்போ படக்கூடாது. பட்டால் என் தலை கணக்கில் வராது.

அம்மாவிடம் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டாள். மாரியம்மன் நோம்பி வருகிறது, பெருந்துறையிலிருந்து ஒறம்பரை, சொந்தக்காரர்கள் எல்லாம் வரப்போகிறார்கள். அத்தைகள் முன்னால் பேன் தலையோடு பெண்ணை நிறுத்த முடியுமா?

"ஊர்ல இருக்கற பேனையெல்லாம் உட்டுப்போட்டு உன்ற தலைப் பேன்தான் காலேஜுக்கு வேணுமாமா? எவளுக்கு இருக்கு இந்தக் கொடுப்பினை!"

அடுத்த வெள்ளிக்கிழமை, ஷிப்ட் முடிந்து வந்த கையோடு பேன் மருந்துக்குச் சீத்தாப்பழ விதையை அம்மியில் அரைத்தாள். கிண்ணத்தில் வழித்து வைத்துவிட்டுத் தண்ணீர் காயவைக்கப் போனாள். நான் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிச் சாக்கடையில் கவிழ்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்கு ஓடிய ஓட்டம் பள்ளிக்கூடத்தில் ஓடியிருந்தால் அதிலும் முதல் பரிசு வாங்கியிருப்பேன்.

பிடிபட்டேன். முதுகில் இரண்டு விழுந்தது. மூன்றாவதுக்குக் கை ஓங்கும்போது கத்தினேன்: "அந்த அக்காதான் என்ற தலையத் தொட்டுப் பாக்குது! நீ எப்பத் தொட்டே?"

ஓங்கிய கை அப்படியே நின்றது. அம்மா அம்மிக்குத் திரும்பிப் போய் மிச்சம் இருந்த விதையை அரைத்தாள். முழுவதையும் தன் தலையில் தேய்த்துக்கொண்டு முழுகினாள். என் பக்கம் வரவே இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அக்கா வந்தபோது அம்மாவும் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். கதவோரம் நின்று சோற்றைப் பிசைந்தபடி, என் தலை அக்காவின் மடியில் கிடப்பதையே பார்த்தாள். அக்காவின் முழங்கையில் வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள்.

"ஏனுங்கம்மணி, கையில என்னங்க அது? கொசுவா?"

"இல்லீங்கம்மா, உங்க பொண்ணு பேன்தான். மனுசங்க ரத்தத்தத் தவிர வேற எதையும் குடிக்காதுங்க. ஆட்டு ரத்தம், மாட்டு ரத்தம் எல்லாம் ஆகாது. தலைய உட்டு எடுத்தா ரெண்டு நாள் தாங்காது. அதான் என் கைய நீட்டிடறேன்."

"அட சாமி! பேனுக்குப் பந்தி போடறீங்களா? எங்க ஊட்டுக்கு வர்ற ஒறம்பரைக்கே இத்தன கவனிப்பு இல்லீங்க!"

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். தறிச் சத்தம் இல்லாமல் அவள் சிரிப்பைக் கேட்டது அன்றைக்குத்தான். அன்று எனக்கு முப்பத்தொன்பது. குறைந்துவிட்டதே என்று வருத்தம். அப்போதும் முதலிடம்தான்.

கடைசிச் சனிக்கிழமை, அக்கா சீவி முடித்துக் குப்பிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். அடுத்த நாள் ஒறம்பரை வருகிறார்கள். இனி என் தலையை என்ன செய்தாலும் சரி என்று அனுமதி கொடுத்தாயிற்று. அப்போது அம்மா ஷெட்டிலிருந்து வந்தாள். புருவத்தில், காதோரத்தில், கொண்டையில் எல்லாம் பஞ்சுத் தூசி. முகம்கூடக் கழுவவில்லை. வெள்ளைத் துணிக்கு முன்னால் போய் உட்கார்ந்து, முதுகைத் திருப்பிக் கொண்டையை அவிழ்த்தாள்.

"என்ற தலையையும் கொஞ்சம் பாத்துருங்கம்மணி."

எனக்குப் பொறுக்கவில்லை. "நீதான் போன வாரம் மருந்து தேச்சுப்போட்டியே! உன்ற தலை செல்லாது!"

"மருந்து தேச்ச தலையும் ஒண்ணு வேணுமே கண்ணு" என்று அக்கா பையைக் கீழே வைத்தார். நோட்டைத் திறந்தார். பேனாவை எடுக்கவில்லை.

சீப்பு இறங்கியது. துணியில் பஞ்சு உதிர்ந்தது. மறுபடியும் இறங்கியது. மறுபடியும் பஞ்சு. நான் குனிந்து துணியோடு முகத்தை வைத்துத் தேடினேன். ஒரு பேன் இல்லை, ஒரு ஈரு இல்லை. அக்கா சீப்பை வைத்துவிட்டு, விரலால் வகிடு வகிடாகப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தார். அம்மாவின் கண் மூடிக்கொண்டது. தோள் இரண்டும் கீழே இறங்கின.

"இருக்குதுங்களா?" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

"பாத்துட்டே இருக்கேங்கம்மா."

ஸ்டேஷன் பக்கம் பாசஞ்சர் ரயில் ஊதியது. அது அக்காவின் ரயில். நான் சொல்லவும் செய்தேன், "அக்கா, ரயிலு!" அவர் எழுந்திருக்கவில்லை. ரயில் போயே போய்விட்டது.

அந்த ஆராய்ச்சி என்ன ஆயிற்று, எந்த மருந்து ஜெயித்தது என்று எனக்குத் தெரியாது. என் பெயர் எழுதிய குப்பி எந்த அலமாரிக்குப் போனதோ, அதுவும் தெரியாது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். நான் நாற்பத்தாறு, அம்மா ஒன்றுமே இல்லை. முதல் ரேங்க் வாங்கியவள் ஓரமாக நிற்க, முட்டை மார்க் வாங்கியவள் துணி முன்னால் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். கோபத்தோடு அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"ஒண்ணுமே இல்லம்மா, எந்திரி!"

"சித்த இரு கண்ணு" என்றாள் அம்மா. அவள் கண்ணிலிருந்து ஏன் தண்ணீர் வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை. மருந்தின் காரம் இன்னும் போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.