முட்டிச்சில்லு மேலே ஒரு பை

மாரிகுப்பம் ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் முழங்காலைத் தடவினால் போதும், எலைன் விடமாட்டாள். “எங்க வலிக்குது? சில்லு மேலயா, சில்லுக்குக் கீழயா?” என்று கேட்டு, பதில் வருவதற்குள் விரலால் அழுத்தியே பார்த்துவிடுவாள். முன்பின் தெரியாத ஆம்பிளையாக இருந்தாலும் சரிதான். அப்புறம் இறங்குகிறவரை பாடம்.

“எலும்புக்கும் தோலுக்கும் நடுவுல சின்னதா ஒரு பை கீதுங்க. பேரு பர்சா. காலி பால் பாக்கெட்டு மாதிரி ஒட்டிக்கினு இருக்கும். உள்ள ரெண்டு சொட்டு வழவழன்னு தண்ணி, உரசக் கூடாதுன்னு. உடம்பு பூரா நூத்தம்பதுக்கு மேல கீதாம். ஆண்டவர் எவ்ளோ ரோசன பண்ணிக்கீறாரு பாருங்க!”

எலைனுக்கு நாற்பத்தாறு வயது. வீடு சாம்பியன் ரீப்ஸில். தினமும் அந்த ரயிலில் போய், ஒயிட்ஃபீல்டில் ஓர் அலுவலகத்தில் தரை துடைக்கிற வேலை. மாப்பை வைத்து ஒப்புக்கு இழுத்துவிட்டு வருகிற ஜாதி இல்லை அவள். மண்டி போட்டு, இடது கையை ஊன்றி, டைல்ஸ் இடுக்கெல்லாம் பிரஷ்ஷால் தேய்ப்பாள். ஆறு வருஷம் தேய்த்ததில், போன தை மாதம் வலது முழங்காலில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்துக்கொண்டது.

வைத்தியத்துக்கு லீவு கேட்டாள். சூப்பர்வைசர் மஞ்சுநாத் தன் போனை நீட்டினார். கொடியேற்றத்தன்று மாதா கோயில் வாசலிலிருந்து பீடம்வரை எலைன் முழங்காலாலேயே நடந்து நேர்த்திக்கடன் செலுத்திய படம். இந்த மகராசியேதான் பெருமையாக வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டிருந்தாள்! “நீ சாமிக்கு முட்டி போட்டே. அதுக்குக் கம்பெனி இன்னா மாடோது, இன்னா பண்ணும்? ஆகல்லன்னா வேலைய விட்டுடு” என்றார் அவர்.

எலைன் வீட்டில் சம்பளம் வாங்குகிறவள் அவள் ஒருத்திதான். அழுதுகொண்டே ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் மேகனா முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்து மண்டியிட்டால் சில்லுக்குக் கீழே இருக்கும் பைதான் அதிகம் நசுங்கும், கையூன்றிக் குனிந்து தேய்த்தால் சில்லு மேலே இருக்கும் பை நசுங்கும், உனக்கு வீங்கியிருப்பது மேலே இருக்கும் பை என்று விளக்கினார். அவ்வளவுதான், எலைனுக்கு அழுகை நின்றுவிட்டது.

மறுநாள் காலை, வேலை தொடங்குமுன், பக்கத்து வீட்டில் வாங்கிவந்த கோலமாவை அலுவலகத் தரையில் தூவினாள். மஞ்சுநாத்தும் கூட வேலை செய்கிற ஆறு பெண்களும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். ஜெபம் செய்கிற மாதிரி நிமிர்ந்து மண்டியிட்டு எழுந்தாள். கறுப்புச் சீருடையில் சில்லுக்குக் கீழே வெள்ளை ஒட்டியிருந்தது. தட்டிவிட்டு, வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்து, பிரஷ்ஷோடு குனிந்து தேய்த்து எழுந்தாள். இப்போது வெள்ளை சரியாகச் சில்லு மேலே, வீக்கத்தின் உச்சியில்!

“முதல்ல பாத்தது சாமி, சார். இது உங்க டைல்ஸ்!”

அடேயப்பா, அந்த மனுஷன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! “சரிம்மா, வைத்தியம் பாத்துக்கோ. லீவு தரேன். தரை தேய்க்க மிஷின் கேட்டு லெட்டரும் போடறேன்” என்று பேனாவைத் திறந்தார்.

“எனக்கு மட்டுந்தானா சார்?”

யாரும் சொல்லாமலே ஆறு பெண்களும் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டினார்கள். எலைன் மஞ்சுநாத்தின் கையிலிருந்து பேனாவை வாங்கி, ஒவ்வொரு முழங்காலிலும் வீக்கத்தைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டே போனாள்.