பத்துக் குழி

பரமத்தியைத் தாண்டும்போது செருப்பின் வார் அறுந்தது. இரண்டையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நாமக்கல் சாலையோரமாக வெறுங்காலோடு நடந்தேன். பையில் ஒரு லுங்கி, ஒரு சட்டை, பாதி டப்பா பசை, முட்டை அட்டையில் வெட்டிய பத்துக் குழித் துண்டுகள். துண்டுகளைப் பள்ளியிலேயே விட்டிருக்கலாம். அங்கே இனி யாருக்கும் அவை வேண்டாம் என்று எடுத்து வந்தேன். பொங்கலுக்கு ஊர் போகிறவர்களைத் திணித்துக்கொண்டு பேருந்துகள் கடந்து போயின. எனக்குப் போக ஊர் இல்லை.

ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போடப் போய்ப் பல வருடம் வடக்கே அலைந்தவன் நான். குழாய் மாட்டும்போது இடது ஆள்காட்டி விரலில் பாதி போனது. அதன்பிறகு எந்த வண்டியும் ஏற்றிக்கொள்ளவில்லை. ஐப்பசி மழைக்குப் பரமத்தி வேலூர்ப் பக்கம் ஒரு சின்னப் பள்ளியின் தாழ்வாரத்தில் ஒதுங்கினேன். ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் ஒரே அறையில் வைத்திருந்த டீச்சர், கத்தரிக்கோலை என்னிடம் நீட்டினார்.

“சும்மா உக்காந்திருக்கறதுக்கு இந்தப் பேப்பரை வெட்டிக் குடுங்க தம்பி.”

வெட்டினேன். மறுநாளும் வெட்டினேன். பொருள் வாங்கப் பள்ளியில் எதுவும் ஒதுக்கவில்லை. அந்தந்தப் பருவத்தில் எது சும்மா கிடைத்ததோ அதில்தான் எல்லாம் செய்தோம். மழைக்குக் காகிதப் படகு. வாளித் தண்ணீரில் மிதக்க விட்டு, எத்தனை புளியங்கொட்டை ஏற்றினால் மூழ்கும் என்று பிள்ளைகள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கார்த்திகைக்கு வாய்க்கால் களிமண்ணில் விளக்கு, வரிசைக்கு ஐந்து. மார்கழியில் பழைய பேப்பரைச் சுருட்டிக் கரும்பு செய்து, கணுவுக்குக் கணு சுண்ணாம்புக் கோடு போட்டேன். ஏழு கணுக் கரும்பில் மூன்று கணுவை ஒடித்தால் மிச்சம் கையிலேயே இருக்கும். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கே கழித்தல் அப்போதுதான் சரியாக விளங்கியது.

முட்டை அட்டைகள் நாமக்கல் சாலையில் இருந்த கோழிப்பண்ணையில் கிடைத்தன. ஓரம் பிய்ந்ததை மேஸ்திரி சும்மாவே கொடுப்பார். ஓர் அட்டையில் முப்பது குழி. மூன்றாக வெட்டினால் ஒவ்வொன்றிலும் ஐந்தைந்தாக இரண்டு வரிசை, பத்துக் குழி. ஆறு குழியில் கொட்டை போட்டால், பத்துக்கு இன்னும் நாலு வேண்டும் என்பதைக் காலிக் குழியே காட்டிவிடும்.

பள்ளிக் கமிட்டித் தலைவர் வெற்றிலைக் கொடிக்கால்காரர். அவருடைய பேத்தியும் ஒன்றாம் வகுப்பில் இருந்தாள். ஒருநாள் வந்து பார்த்துவிட்டு டீச்சரிடம் சொன்னார். “பொங்கல் லீவுக்கு முன்னால பெத்தவங்களைக் கூப்பிடுங்க. அவங்க முன்னால புள்ளைங்க கணக்குச் சொல்லட்டும். சொல்லிப்போட்டா இந்த ஆளை வெச்சுக்கலாம். காவலுக்கும் ஆச்சு.”

படுக்கச் சாமான் அறை, மதியம் சோறு. எந்த இடத்திலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தங்காத நான், இதை இழந்துவிடக் கூடாது என்று அப்போது பயந்தேன். இது போனால் அடுத்தது என்று ஒன்றும் இல்லை.

புளியங்கொட்டை பழசு. வண்டு விழ ஆரம்பித்திருந்தது. நிகழ்ச்சிக்கு முதல்நாள் சத்துணவு அக்காவிடம் கொண்டுபோய் ஒரு சூடு காட்டித் தரச் சொன்னேன்.

“வறுத்துப்போட்டா வாய் சும்மா இருக்குமாங்க?” என்று சிரித்தார் அக்கா.

பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்தேன். ஒருவரும் வாயில் வைக்கவில்லை. பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வறுத்த வாசம் அறையை நிறைத்திருந்தது. தாய்மார் பிள்ளைகளுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் ஒருத்தி மகனுடைய அட்டையிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் ஒதுக்கிக்கொண்டு பக்கத்தில் பேச்சைத் தொடர்ந்தாள். பிறகு அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள். ஏழு வர வேண்டிய இடத்தில் ஆறு வந்தது. எட்டு வர வேண்டிய இடத்தில் ஏழு. டீச்சரின் முகம் வெளுத்தது. நான் சுவரோடு நின்றேன்.

தலைவரின் பேத்தி ஆறு கொட்டை போட்டாள், இன்னும் நாலு போட்டாள், டீச்சரைப் பார்க்கத் திரும்பினாள். நாற்காலியில் இருந்த தலைவரின் கை தானாகக் கீழே வந்து ஒன்றை எடுத்துப் போனது.

“மொத்தம் எத்தனை அம்மிணி?” என்றார் டீச்சர்.

குழிகுழியாக விரல் வைத்து எண்ணினாள். “ஒம்பதுங்க.”

“ஏனுங்க டீச்சர், ஆறும் நாலும் ஒம்பதுங்களா?” தலைவரின் ஒரு கன்னம் உப்பியிருந்தது. “இதுக்குத்தான் இத்தனை நாளா அட்டையை வெட்டிக்கிட்டு இருந்தீங்களாக்கும்.”

டீச்சர் அந்தக் கன்னத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

“வேன் வர்ற பள்ளிக்கூடத்துல என்ற தங்கச்சி பையன் நூறு வரைக்கும் சொல்றானுங்க” என்றார் ஒரு தகப்பன்.

சிறுமி காலிக் குழியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தாத்தாவை நிமிர்ந்து பார்த்தாள். “பத்தாவது அப்பாரு வாயில இருக்குது.”

அறை சிரித்தது. “என்ற வாயிலயும் ஒன்னு இருக்குதுங்க” என்றாள் பின்னால் ஒருத்தி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு. நானும் சிரித்துவிட்டேன்.

தலைவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லாம் உறவு, இல்லாவிட்டால் அவர் கொடிக்காலில் வேலை செய்கிறவர்கள். கண் என்மேல் வந்து நின்றது. எழுந்து வெளியே போய்த் துப்பிவிட்டு வாசலில் நின்றபடி சொன்னார். “ஊரு தெரியாத ஆளைப் பள்ளிக்கூடத்துல படுக்க வெச்சது நம்ம தப்புங்க டீச்சர்.”

எல்லோரும் போன பிறகு டீச்சர் கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டே, “பொங்கல் முடிஞ்சு ஒருக்கா வாங்க தம்பி, பேசிப் பாக்கறேன்” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சரிங்க என்றேன். இரண்டு பேருக்கும் தெரிந்தே சொன்ன பொய்தான்.

சாலையில் ஓரிடத்தில் நின்று திரும்பிப் பார்த்தேன். வேலூர்க் காவிரிப் பாலம் வெகு பின்னால் இருந்தது. அங்கே போய்விடலாமா என்று தோன்றியது. எதற்கு என்று எனக்குத் தெரியும். வெறுங்காலோடு அவ்வளவு தூரம் திரும்ப நடக்க முடியாது என்பதால்தான் மேலே நடந்தேன். வேறு காரணம் இருந்ததாக இப்போதும் சொல்ல மாட்டேன்.

பேருந்து நிழற்குடையில் படுத்துவிட்டு, விடிந்ததும் கோழிப்பண்ணைக்குப் போனேன். அந்தச் சாலையில் எனக்குத் தெரிந்த வாசல் அது ஒன்றுதான்.

“மறுபடியும் ஓட்டை அட்டையாப்பா? புள்ளைங்க இன்னுமா எண்ணி முடிக்கலை?” என்றார் மேஸ்திரி.

“அட்டை வேண்டாங்க. வேலை இருந்தாக் குடுங்க.”

“பள்ளிக்கூடம்?”

“லீவுங்க.”

என் இடது கையைப் பார்த்தார். “முட்டை எடுத்தா நழுவாதே?”

“நழுவாதுங்க.”

“ஆளுங்க பொங்கலுக்கு ஊட்டுக்குப் போயிட்டாங்க. அவங்க வர்ற வரைக்குந்தான். முப்பது குழியும் ரொம்பணும். ஒன்னு காலியா இருந்தாலும் மேல அடுக்கறது சரியும்.”

கூண்டு வரிசையில் அட்டையை வைத்துக்கொண்டு எடுக்க ஆரம்பித்தேன். முட்டைகள் சூடாக இருந்தன. ஆறு வைத்ததும் கை தானாக நின்றது. இரண்டாவது வரிசையில் நாலு குழி காலி.

“என்னப்பா பாக்கறே?” என்றார் மேஸ்திரி.

“ஒன்னுமில்லீங்க” என்று ஏழாவதை எடுத்து வைத்தேன்.