பிணைக்குப் பிடித்த பிள்ளை

“கோவிச்சுக்காதீங்க அப்பனே, பிள்ளைய இப்படிக் கொடுங்க” என்று சொல்லிக்கொண்டே அந்தோணியாரின் கையிலிருந்து குழந்தை இயேசுவைக் கழற்றுகிறார் தங்கமணி அக்கா. அவர் இடுப்பில் ஒரு நிஜக் குழந்தை உட்கார்ந்து தோட்டைப் பிடித்து இழுக்கிறது. இரண்டடி உயர மரச் சிலை அது. உள்ளங்கை நீளமுள்ள குழந்தை ஒரு முளையில் செருகியிருப்பதால், லேசாகத் திருகினாலே கையோடு வந்துவிடும். வெறுங்கையோடு நிற்கும் புனிதரைப் பார்த்து அக்கா விரலை ஆட்டுகிறார்.

“பொருளைக் கண்டுபிடிச்சுக் கொடுங்க, பிள்ளைய வாங்கிக்குங்க. அவ்வளவுதான்.”

மலேசியாவின் சுங்கை வேயில் எங்கள் அடுக்குமாடியின் தரைத்தளத்தில் அவர் வீடு. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்வது தொழில். என் மகளும் அங்கேதான் இருக்கிறாள். எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து அழுதாலும் எது பசி, எது வெறும் நடிப்பு என்று அடுப்படியில் நின்றே சொல்லிவிடுவார். மத்தியானச் சீரியலை மட்டும் தவறவிட மாட்டார். டிவி ரிமோட் எந்நேரமும் இடுப்பில் செருகியிருக்கும். கணவர் பக்கிரிசாமி செய்தி பார்க்கக் கேட்டாலும் கிடைக்காது. “உசிரைக் கேளுங்க தரேன், இதைக் கேக்காதீங்க.”

தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் என்று கத்தோலிக்கர்கள் கும்பிடும் புனிதர் அந்தோணியார். கோடி அற்புதர் என்று பட்டம். எங்கள் புளோக்கில் அவர் மதம் பார்க்காமல் எல்லாருக்கும் உழைக்கிறார், அக்காவின் மிரட்டலுக்குப் பயந்து. முனைக் கடை ஜெய்னுதீன், காணாமற்போன கடைச் சாவி கிடைத்த நாளிலிருந்து செவ்வாய்தோறும் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் அனுப்புகிறார். செவ்வாயன்று அந்தோணியார் பேரில் ரொட்டி தர்மம் செய்வது வழக்கம். அது பருப்புக் குழம்போடு வரக்கூடாது என்று எந்தப் பாதரும் சொன்னதில்லையாம். காவலாளிகளும் கூட்டுகிற பெண்களும் செவ்வாய்க்கிழமையை எதிர்பார்த்திருப்பார்கள்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை குறைவு. “தேடினா கிடைக்கும்தானேக்கா?” என்று ஒருமுறை சீண்டினேன்.

“நேத்தும்தானே தேடுனாங்க, ஏன் கிடைக்கல?” என்றார்.

கழற்றிய பிள்ளையை அவர் ஒவ்வொரு தடவையும் புது இடத்தில் ஒளிப்பார். “சும்மா வச்சா அவரே எடுத்துக்குவாருலா தம்பி. கண்டுபிடிக்கிறதுதானே அவரு வேலை?” ஒளித்த கையோடு சத்தமாகப் பாடத் தொடங்கிவிடுவார். “நானே மறக்கணும். இல்லேன்னா என் மூஞ்சியப் பார்த்தே தெரிஞ்சுக்குவாரு.”

முதலில் சொன்ன காட்சி, இந்த வருஷம் அந்தோணியார் திருநாளன்று காலையில் மகளை விடப்போனபோது நான் பார்த்தது. மூன்றாம் மாடிப் பூமணி ஆன்டி நெற்றித் திருநீறு வியர்வையில் கரைய நின்றிருந்தார். யாழ்ப்பாண வழிக் குடும்பம். மகள் இந்துஜா படிக்கப் போகிறாள், மறுநாள் விமானம், பாஸ்போர்ட்டைக் காணோம். அக்கா பிள்ளையைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனார். பாட்டுச் சத்தம் கேட்டது. நான் வேலைக்குக் கிளம்பினேன்.

சாயங்காலம் திரும்பினால் வீடு தலைகீழாகக் கிடந்தது. அரிசி வாளி கவிழ்ந்திருந்தது. துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் பக்கிரிசாமி அண்ணன் தலையை விட்டிருந்தார். மல்லிகை மாலையும் சீரியல் விளக்குமாக ஜொலித்த அந்தோணியாரின் கை மட்டும் காலி. பட்டுச்சேலையோடு தரையில் உட்கார்ந்து அக்கா அழுதுகொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். மத்தியானம் பூமணி ஆன்டி ஓடிவந்து, “கிடைச்சிட்டுது தங்கமணி! குக்கர் பெட்டிக்குள்ள கிடந்தது!” என்று கூவியிருக்கிறார். இருவரும் கட்டிப்பிடித்து ஆடியிருக்கிறார்கள். ஆடி முடித்து, பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கப் போனால், எங்கே ஒளித்தோம் என்பது அக்காவுக்கு நினைவில் இல்லை.

“ஆறு மணிக்குப் பாதர் வராரு, ஜெபத்துக்கு எல்லாரும் வராங்க” என்று மூக்கைச் சிந்தினார். “இத்தன வருசமாப் பிள்ளை பாக்குறேன் தம்பி, ஒண்ணையும் தொலைச்சதில்ல. கடைசில யாரு பிள்ளையத் தொலைச்சிருக்கேன் பாருங்க. இனிமே எவ என்னை நம்பிப் பிள்ளைய விடுவா?”

எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. அவர் கண்ணைப் பார்த்ததும் அது போய்விட்டது.

“அவரிட்டையே கேளன்” என்றார் பூமணி ஆன்டி.

“எந்த மூஞ்சியோட கேக்குறது அக்கா? பிணைக்குப் பிடிக்க அவர்கிட்ட இனி என்ன இருக்கு?”

மகளை எடுத்துக்கொண்டு நகரலாம் என்று, “பாப்பா எங்கக்கா?” என்று கேட்டேன்.

“தூங்குது.”

என் மகள் பகலில் தூங்கியதே கிடையாது. அவளைத் தூங்கவைக்க அக்கா செய்யாத வித்தை இல்லை. அன்றைக்கு மத்தியானத்திலிருந்து அசையாமல் தூங்குகிறாளாம். தூங்குகிற பிள்ளையை எழுப்பக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். அதனால் வீட்டையே புரட்டியவர்கள் அவள் தொட்டிலை மட்டும் தொடவில்லை.

ஸ்பிரிங்கில் தொங்கிய சாரோங் துணித் தொட்டிலை விலக்கி அவளைத் தூக்கினேன். கூடவே ஒரு துண்டுச் சுருளும் வந்தது. இரண்டு கையாலும் அதை நெஞ்சோடு அணைத்திருந்தாள். துண்டுக்குள்ளிருந்து ஒரு மரத் தலை எட்டிப் பார்த்தது.

“அட ஆமாலா!” அக்கா துள்ளி எழுந்தார். “பிள்ளைங்களோட பிள்ளையா வச்சா அவருக்கு அடையாளம் தெரியாதுன்னு நான்தான் துண்டுல சுத்தித் தொட்டில் மெத்தைக்கடியில வச்சேன்!”

பக்கிரிசாமி அண்ணன் இயந்திரத்துக்குள்ளிருந்தே கைதட்டினார். பூமணி ஆன்டி “முருகா” என்றார். என் மகள் விடமாட்டேன் என்று அடம்பிடித்தாள். கடைசியில் ஒரு பிஸ்கட்டுக்குச் சம்மதித்தாள். அக்கா குழந்தையைத் துடைத்து முத்தமிட்டு அந்தோணியாரின் கையில் செருகி, முளை இறுகியதா என்று ஆட்டிப் பார்த்தார். எனக்கு அப்படியொரு சந்தோஷம். அவள் ஏன் தூங்கினாள் என்பதற்கு என்னிடம் இன்றுவரை விளக்கம் இல்லை. அக்காவிடம் இருக்கிறது, நான் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத் திருநாள் ரொட்டிப் பொட்டலங்களோடு ஜெய்னுதீன் உள்ளே வந்தார். பொட்டலங்களை இறக்கிவைத்துவிட்டுச் சட்டைப்பையைத் தட்டினார், கால்சட்டைப் பையைத் தட்டினார்.

“அக்கா, ஹேன்போனக் காணோம்லா. சைலன்ட்ல வேற இருக்கு. கொஞ்சம் உங்க ஆளுகிட்டச் சொல்லுங்க.”

பழக்க தோஷத்தில் அக்காவின் கை குழந்தையிடம் போய்விட்டது. தொட்ட விரல் அப்படியே நின்றது. அந்தோணியாரைப் பார்த்தார். என் தோளில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தவளைப் பார்த்தார். பிறகு கையை எடுத்து, பட்டுச்சேலை இடுப்பிலிருந்து டிவி ரிமோட்டை உருவி, அந்தோணியாரின் காலடியில் மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் வைத்தார்.