கிறிஸ்மஸ் மரத்தடியில் ஒரு தேசிக்காய்

போன ஞாயிற்றுக்கிழமை என் ஜாக்கெட் பையில் ஒரு தேசிக்காய் இருந்தது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: எலுமிச்சம்பழம். எல்லா வாசகர்களுக்கும்: அதை நான் கொண்டுபோகக்கூடாது என்று வீட்டில் ஏற்கெனவே தீர்மானம் நிறைவேற்றியிருந்தார்கள்.

நிறைவேற்றியவள் என் மகள் ஆரணி. மொன்றியலில், சென்ட் லோரன்ட் பகுதியில் விமான உதிரிப்பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவளிடம் ஒரு மோட்டார்சைக்கிள் இருக்கிறது. வேலைக்குப் போகவா? இல்லை. வேலைக்கு அவள் பஸ்ஸில்தான் போகிறாள். இந்த மோட்டார்சைக்கிள் ஒரே நேர்கோட்டில், கால் மைல் தூரத்தை, நான் ஒரு தும்மல் போட்டு மூக்கைத் துடைப்பதற்குள் ஓடி முடிப்பதற்கு மட்டும்.

இதற்கு டிராக் ரேஸ் என்று பெயர். இரண்டு பைக், இரண்டு பாதை, ஒரு பச்சை விளக்கு. முதலில் முடிவுக்கோட்டைத் தாண்டுபவர் வென்றார். வளைவு கிடையாது, திருப்பம் கிடையாது. என் மூளைக்குக்கூட விளங்கும் விளையாட்டு.

ஞாயிறு அவளுக்குப் பரீட்சை. தடுமாறாமல், கோடு விலகாமல், முழுத்தூரமும் ஓடிக் காட்டினால் பந்தயத்தில் இறங்க அனுமதி தருவார்கள். அன்று பிழை விட்டால்... அடுத்த கிழமை ஓடுபாதையைப் பூட்டிவிடுவார்கள். பிறகு பனி. பிறகு இன்னும் பனி. வசந்தம் வரும்வரை காத்திருக்கவேண்டியதுதான். இந்த ஒரு ஓட்டத்துக்காக அவள் கோடை முழுவதும் ஒரு கலியாணவீட்டுக்கும் வரவில்லை. எங்கள் சாதிசனத்தில் இதைவிடப் பெரிய தியாகம் உண்டா?

"அப்பா, நீங்களும் வரலாம். பைக்கை லைன்ல நேரா நிப்பாட்ட ஓராள் வேணும்," என்றாள். "ஆனா கல்ம்."

கல்ம் என்றால் பிரெஞ்சில் அமைதி. என்னோடு கதைக்கும்போது அவள் அதிகம் பாவிக்கும் சொல்.

"கத்தக்கூடாது. லைனுக்குக் குறுக்கால ஓடக்கூடாது. தேசிக்காய் கூடாது."

முதல் இரண்டும் பொதுவான நிபந்தனைகள். மூன்றாவதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

நான் மொன்றியலுக்கு வந்த புதிதில் யூட் அண்ணையோடு ஒரு வெயார்ஹவுஸில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தேன். மன்னார்க்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் காலைப் பூசை முடிந்ததும் நேராக ஓடுபாதைக்குப் போய்விடுவார். அதே மோட்டார்சைக்கிளில்தான் திங்கட்கிழமை வேலைக்கும் வருவார். கண்ணாடியையும் முன்விளக்கையும் கழற்றினால் ரேஸ் பைக். திரும்பப் பூட்டினால் வேலைக்குப் போகும் பைக். கழற்றிப் பூட்டுவது என் உத்தியோகம்.

அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் தமிழர் என்றால் நாங்கள் இரண்டு பேர்தான். மற்றவர்கள் வான் வண்டியிலும் டிரெய்லரிலும் பைக்கைக் கொண்டுவந்து இறக்குவார்கள். நாங்கள் அதே பைக்கில் இருவரும் ஏறி, நடுவில் சாப்பாட்டுக்கு மீன் ரோல்ஸ் பெட்டியை வைத்து, சோளக்காடுகளுக்கு நடுவால் போய்ச் சேருவோம். பைக்கின் முன்பக்கம் எழும்பாமலிருக்க அதைப் பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டவேண்டும். எங்களிடம் இருந்தது சூட்கேஸ் கட்டும் பெல்ட். கனடாவுக்கு வந்த சூட்கேஸ். அது எத்தனை எல்லை தாண்டிய பெல்ட்... ஒரு நாளும் அறவில்லை.

ஓடுபாதையின் தொடக்கத்தில் ஒரு கம்பம். அதில் மேலிருந்து கீழாக விளக்குகள். மஞ்சள் எரிந்து பச்சை விழுந்தால் பறக்கலாம். பச்சைக்கு முந்தினால் சிவப்பு எரியும், ஆட்டம் அவுட். இந்தக் கம்பத்துக்கு உலகம் முழுவதும் வைத்திருக்கும் பெயர் கிறிஸ்மஸ் மரம். யூட் அண்ணைக்கு அதில் பெரிய திருப்தி. கொளுத்தும் ஓகஸ்ட் வெயிலில் கிறிஸ்மஸ் மரத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்ட ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கவேண்டும்.

ஒரு ஞாயிறு அவர் அரையிறுதிக்கு வந்துவிட்டார். அதுவரை முதல் சுற்றைத் தாண்டாத மனிதர். அவருக்குப் பயமில்லை. பயம் எனக்குத்தான்.

"டேய், நான் அந்தோனியாரிட்டைச் சொல்லிப்போட்டன்," என்றார் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே. "நீ உன்ரை பகுதியைப் பார்."

என் பகுதியைப் பார்த்தேன்.

இந்த நகரத்தில் எந்தச் சைவத் தமிழன் கார் வாங்கினாலும் முதலில் எங்கே போகிறான்? கோயில் வாசலுக்கு. சக்கரத்துக்குக் கீழே என்ன வைக்கிறான்? பிறகென்ன. கார் என்றாலும் பைக் என்றாலும் சக்கரம் சக்கரம்தானே. ஓடுபாதைக்கு எதிரிலிருந்த டெப்பனருக்கு ஓடினேன் — அதுதான், எங்களூர் மூலைக்கடை. அங்கே எங்கள் தேசிக்காய் இல்லை. மஞ்சளாக, வாத்து முட்டை அளவில் ஒரு சாமான் இருந்தது. பெரிது என்றால் பலனும் பெரிதுதானே என்று வாங்கினேன்.

ஒரு சின்ன விஷயம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தொடக்கக் கோட்டில் தார் தெரியாதபடி ரப்பர் படிந்திருக்கும். ஓடுகிறவர்கள் பின் டயரைப் புகை எழும்பும்வரை சுழற்றிச் சூடாக்குவது அந்த ரப்பரோடு அது பசைபோல ஒட்டவேண்டும் என்பதற்காக. அங்கே ஒரு சொட்டு ஈரம் விழுந்தாலும் டயர் வழுக்கும். வழுக்கினால் பக்கத்தில் கொங்கிறீட் சுவர். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அன்றைக்கு நான் பிள்ளையாரைத்தான் நம்பியிருப்பேன்.

யூட் அண்ணை புகை கிளப்பி முடித்து, மெதுவாகக் கோட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்தார். நான் குனிந்து டயரைப் பார்ப்பதுபோல வைத்தேன்.

பிளக்.

எங்கள் தேசிக்காய் என்றால் ஏதோ ஒரு கரண்டி சாறு. இது அபிஷேகம். ரப்பரில் சாறு, சக்கையில் டயர், என் காற்சட்டையில் மீதி.

தொடக்கக் கோட்டுக்குப் பொறுப்பானவர் ரேஜான் என்ற கெபெக்வா, அதாவது இந்த மாகாணத்துப் பிரெஞ்சு மனிதர். மீசையோடு, ஆளே ஒரு கதவு மாதிரி. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்கே பிடித்தார். எல்லா எஞ்சினும் நின்றது. இவ்வளவு சத்தமான ஒரு இடம் அவ்வளவு அமைதியாகி நான் அதற்கு முன் கண்டதில்லை. துடைப்பத்தோடு சிலர் ஓடிவந்தார்கள், எண்ணெய் உறிஞ்சும் பவுடர் வாளியோடு சிலர். ரேஜான் முழங்காலில் இருந்து, ரப்பரில் ஒட்டியிருந்த ஒரு விதையை இரண்டு விரலால் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"செ க்வா சா?" இது என்ன என்று கேட்கிறார்.

அப்போது எனக்குத் தெரிந்த பிரெஞ்சு இரண்டே சொல்: வணக்கமும் நன்றியும். போன்ஜூர் சொல்லும் சூழ்நிலை அதுவல்ல. எனவே, "மெர்சி," என்றேன்.

கழுவித் துடைத்துக் காயவைத்து முடிப்பதற்குள் யூட் அண்ணை தோல் அங்கிக்குள் அவிந்துபோனார். மனுசனின் அமைதி கலைந்துவிட்டது. மரத்தில் மஞ்சள் எரிந்ததும் பாய்ந்தார். பச்சைக்கு முன். சிவப்பு.

திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். ஏச்சு விழப்போகிறது என்று நின்றேன்.

"அந்தோனியார் ஓம் எண்டுதான்ரா சொன்னவர்," என்றார். "உன்ரை ஆள்தான் இடையிலை பூந்திட்டார்."

அன்றிலிருந்து அங்கே எனக்குப் பெயர் மிஸ்யூ சித்ரோன். எலுமிச்சம்பழ ஐயா.

சரி. இவ்வளவும் நடந்த ஒரு மனிதன் மறுபடியும் பையில் தேசிக்காய் கொண்டுபோவானா?

நான் கொண்டுபோகவில்லை. அது என்னோடு வந்தது. ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டு வாசலில் ஆரணி வானுக்குள் பைக்கை ஏற்றிக்கொண்டிருந்தபோது, என் மனைவி வந்து என் ஜாக்கெட்டின் கொலரைச் சரிசெய்தாள். கலியாணத்தன்றுகூடச் சரிசெய்யாத கொலர். பையில் ஏதோ பாரம் விழுந்தது.

"நான் வரேல்லை. என்னாலை பாக்கேலாது," என்றாள் மெதுவாக. "நீங்கள் சும்மா ஒரு மூலையிலை வையுங்கோ."

"பிள்ளை வேண்டாம் எண்டவள்."

"பிள்ளை நூறு சொல்லுவள். இது சின்ன ஊர்த் தேசிக்காய்தானே."

போகும் வழியில் லாசாலிலிருந்து யூட் அண்ணை போன் எடுத்தார். முழங்கால் இரண்டும் போய்விட்டது. குரல் மட்டும் அப்படியே. "பிள்ளையை ஓட விடு. நீ பழத்தை வீட்டை விட்டிட்டுப் போ," என்றார். ஆரணி ஸ்பீக்கரில் கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பையை ஒரு கையால் பொத்திக்கொண்டு சிரிப்பது எவ்வளவு சிரமம் என்று அனுபவித்தால்தான் தெரியும்.

ஓடுபாதையில் இறங்கியதும் ஒரு குரல். "மிஸ்யூ சித்ரோன்."

ரேஜான். மீசை வெள்ளை, கதவு கொஞ்சம் சாய்ந்துவிட்டது, ஆனால் அதே கோட்டில் அதே இடத்தில். கை கொடுத்தார். கண் என் ஜாக்கெட் பையில் போய் நின்றது.

எங்கள் முறை வரும்வரை பேசிக்கொண்டிருந்தோம். இப்போது எனக்குப் பிரெஞ்சு இரண்டு சொல்லுக்கு மேல் தெரியும். தான் பெடியனாக இருந்தபோது விளக்கு மரமே கிடையாது என்றார். கைவிடப்பட்ட விமான ஓடுபாதை, இரண்டு மோட்டார்சைக்கிள், நடுவில் கொடியோடு ஒரு மனிதன். அவன் கொடியை உயர்த்திக் குதிப்பான், அவனுக்கு இரண்டு பக்கத்தாலும் பைக்குகள் பாயும். ஓட்டுகிறவர்களுக்குத் தலையில் ஹெல்மெட், காலில் சாதாரணச் சப்பாத்து, அவ்வளவுதான் பாதுகாப்பு.

"குதித்த பிறகு கொடிக்காரன் எந்தப் பக்கம் ஓடுவான்?" என்று கேட்டேன். என் மூளை எப்போதும் ஓடுவதைப்பற்றித்தான் யோசிக்கும்.

"எந்தப் பக்கமும் இல்லை," என்றார் ரேஜான். "நின்ற இடத்தில் நிற்பான். பயந்து ஒரு அடி வைத்தவன்தான் அடிபட்டான்."

ஆரணியைக் கூப்பிட்டார்கள்.

அவள் டயரைச் சுழற்றிப் புகை கிளப்பினாள். கோட்டுக்கு வந்தாள். நான் பின்னால் நின்று, டயர் நேராக இருக்கிறதா என்று பார்த்து, இடது பக்கம் கொஞ்சம் தள்ளச் சொல்லிக் கை காட்டினேன். அவள் ஹெல்மெட்டின் முன்கண்ணாடியைத் தூக்கினாள்.

"அப்பா, கல்ம்?"

"கல்ம்," என்றேன்.

அவள் கண்ணாடியை மூடினாள். அந்தக் கணத்தில் எனக்கு அந்தச் சுவர் தெரிந்தது. அதே கொங்கிறீட் சுவர். இவ்வளவு காலமும் அதை யூட் அண்ணைக்குப் பக்கத்தில் பார்த்தபோது அது சுவர். இப்போது என் பிள்ளைக்குப் பக்கத்தில்... கை தானாக ஜாக்கெட் பைக்குள் போனது. டயர் என் காலடியில். குனிந்தால் போதும். யாருக்கும் தெரியாது. ஒரு சின்ன ஊர்த் தேசிக்காய்தானே.

பயத்துக்கு எப்போதும் ஒரு வேலை வேண்டும், கவனித்திருக்கிறீர்களா? சும்மா இருக்கச் சொன்னால் அதற்குக் கோபம் வரும். வைக்கட்டா, எடுக்கட்டா, கூப்பிடட்டா என்று கேட்டுக்கொண்டே நிற்கும். பிள்ளைகளுக்கு நாங்கள் செய்த பாதிக் காரியங்கள் அதற்குக் கொடுத்த வேலைகள்தான்.

குனிந்தேன். தேசிக்காய் வெளியே வந்துவிட்டது.

"பூஜ் பா," என்றது ஒரு குரல். அசையாதே. சத்தமாக அல்ல, பூனையைக் கூப்பிடுவதுபோல. ரேஜான் என்னைப் பார்க்கக்கூட இல்லை. மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நிமிர்ந்தேன். வெள்ளைக்கோட்டுக்கு வெளியே பின்னால் வந்தேன். கொடிக்காரன் மாதிரி நின்றேன்.

மஞ்சள். மஞ்சள். மஞ்சள். பச்சை.

அந்தச் சத்தம் காதில் கேட்பதல்ல, நெஞ்செலும்பில் கேட்பது. பைக் போய்விட்டது. முதுகு மட்டும் தெரிந்தது, பிறகு ஒரு புள்ளி, பிறகு சத்தம் மட்டும். சுவரும் கோடும் எங்கே இருந்தனவோ அங்கேயே இருந்தன. நடுவில், நூல் பிடித்ததுபோல, என் மகள். தூரத்தில் பிரேக் விளக்கு எரிந்தது. சிவப்பு விளக்கைக் கண்டு வாழ்க்கையில் இவ்வளவு சந்தோசப்பட்டதில்லை.

அப்போதுதான் கை ஈரமாக இருப்பது தெரிந்தது. கையை விரித்தேன். தேசிக்காய் என்று சொல்ல அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை. தோல், விதை, சக்கை. சாறு முழங்கை வழியாக வடிந்து என் சப்பாத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

ரேஜான் வந்து பார்த்தார். கோட்டை ஒருமுறை பார்த்தார், என் சப்பாத்தை ஒருமுறை பார்த்தார். போய் வாளியில் ஒரு பிடி பவுடர் அள்ளிவந்து, மிகுந்த மரியாதையோடு என் சப்பாத்தின் மேல் தூவிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

ஆரணி அனுமதியோடு வந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"அப்பா, நீங்கள் கத்தேல்லை."

"இல்லை."

"ஓடேல்லை."

"இல்லை."

மூக்கைச் சுருக்கி மணந்தாள். என் ஜாக்கெட் கையைப் பார்த்தாள். சப்பாத்தைப் பார்த்தாள். "லைன்ல விழுந்ததா?"

"ஒரு சொட்டும் இல்லை. மிஸ்யூ ரேஜான் சாட்சி."

கொஞ்சம் யோசித்தாள். "அப்ப சரி," என்று ஹெல்மெட்டை என்னிடம் தந்தாள். சரியான கையைப் பார்த்துத்தான் தந்தாள்.

வீட்டு வாசலில் மனைவி நின்றாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு முடிவு தெரிந்துவிட்டது. அவளைக் கட்டிப்பிடித்து உள்ளே அனுப்பிவிட்டு என்னிடம் வந்தாள்.

"வச்சனீங்களோ?"

"வைக்கேல்லை."

முகம் மாறியது. "ஆனா நசிஞ்சது," என்று உள்ளங்கையைக் காட்டினேன். நகம் பதிந்த இடமெல்லாம் சிவந்து, இப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தது.

பார்த்தாள்.

"நசிஞ்சால் சரி," என்றாள். "சக்கரம்தான் நசிக்கவேணும் எண்டு ஆர் சொன்னது?"