வழியில் ஏறிக்கொள்ளும் புஷ்பம் மேடம்

"அக்கா, ரெண்டு பேரையும் காணும்க்கா."

மத்தியானம் இரண்டே கால் மணிக்கு சுடலைமுத்து போனில் சொன்ன முதல் பேச்சு இது. எங்கள் டிரைவர் லீவு போட்டால் அன்றைக்கு மட்டும் வண்டி ஓட்ட வருகிறவரை ஆக்டிங் டிரைவர் என்போம். சுடலைமுத்து அப்படி வந்தவர். அன்று காலை கோவில்பட்டியிலிருந்து அவர் வண்டியில் நான் ஏற்றி அனுப்பியது ஒரே ஒரு பெண்ணை. பெயர் கிளாரா. ஆஸ்திரியாக்காரி, முப்பத்து நான்கு வயது, இந்தியாவைத் தனியாகச் சுற்றிப் பார்க்க வந்தவள்.

அவர் சொன்ன இரண்டாவது ஆள் யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவளை உண்டாக்கியதே நான்தான். அப்படி ஒருத்தி உலகத்தில் கிடையாது.

டிராவல்ஸ் ஆபீசில் எனக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். புதிதாக வேலைக்கு வரும் பெண்கள், "எஸ்தர் அக்கா, உங்க அனுபவத்தை எழுதுங்க" என்கிறார்கள். டிக்கெட் போடவும் ரூம் பிடிக்கவும் யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். நான் செய்த தப்பை நான்தான் சொல்லியாக வேண்டும்.

1. புஷ்பம் பிறந்த கதை

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்களிடம் வந்தவர்கள் எல்லாம் தீப்பெட்டி ஆபீசுக்கு வரும் வெளியூர் வியாபாரிகள். தீப்பெட்டி செய்யும் இடத்தை எங்கள் ஊரில் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். ஸ்டேஷனில் பிக்கப், லாட்ஜ், மறுநாள் டிராப். வேலை முடிந்தது. இன்டர்நெட் வந்த பிறகு தனியாக ஊர் சுற்றும் பெண்கள் மெயில் போட ஆரம்பித்தார்கள். முதலாளி அண்ணாச்சி அந்த மெயில்களை என் பக்கம் தள்ளிவிட்டார். "எம்மா எஸ்தரு, பொம்பளைய சமாச்சாரம். நீயே பாத்துக்கோ."

பார்த்துக்கொண்டேன். எந்த பெட்ரோல் பங்க் கழிப்பறையில் தாழ்ப்பாள் ஒழுங்காக விழும், பஸ்ஸில் எந்த சீட்டில் உட்கார வேண்டும், லாட்ஜில் எந்த மாடியில் ரூம் கேட்க வேண்டும், எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். ஆண்களுக்கு இப்படி ஒரு நோட்டு தேவைப்பட்டதே இல்லை. அதை நினைத்து அப்போதும் எரிச்சல் வரும், இப்போதும் வருகிறது.

ஒருநாள் தூத்துக்குடியில் ஒரு லாட்ஜுக்குப் போன் போட்டேன். மேனேஜர் பட்டென்று சொன்னார்.

"தனியா வார பொம்பளைக்கு ரூம் குடுக்கதில்லம்மா. நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்லுதது?"

எனக்குச் சுருக்கென்றது. வாயில் வந்ததைச் சொன்னேன். "தனியா யாரு வாரா? எங்க ஸ்டாஃப் மரியபுஷ்பம் கூட வாராவ. வழியில ஏறிக்கிடுவாவ."

"அதை மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்றார். ரூம் கிடைத்தது.

அன்றிலிருந்து தனியாக வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் வவுச்சரில் இரண்டு பேர் என்று போட்டேன். டிரைவரிடம் கொடுக்கும் ட்ரிப் ஷீட்டில், 'புஷ்பம் மேடம் வழியில் ஏறிக்கொள்வார்' என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு இருந்த மதிப்பைச் சொல்லி மாளாது. எந்த ஸ்டாப்பில் மேடம் ஏறுவாரோ என்று டிரைவர் வழியெல்லாம் ஒழுங்காக இருப்பார். கண்ணாடியைத் திருப்பிப் பின் சீட்டைப் பார்க்க மாட்டார், கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்க மாட்டார். சாயங்காலம் நான் போன் செய்து, "புஷ்பம் மேடத்துக்குக் காய்ச்சல், வரல" என்பேன். அதற்குள் பயணமே முடிந்திருக்கும்.

உண்மை தெரிந்தவர்கள் பயணம் வரும் பெண், நான், முதலாளி, மூன்றே பேர். ஒரு டிரைவரிடம் சொன்னாலும் ஸ்டாண்டு முழுக்கத் தெரிந்துவிடும்.

"இல்லாத பொம்பளைக்கு வயசு என்ன போட்டிருக்க?" என்று முதலாளி கேட்டார்.

"நாப்பத்தஞ்சு, அண்ணாச்சி."

"அது போதும். ஒரு பயலும் வாலாட்ட மாட்டான்." இரண்டு பேரும் சிரித்தோம்.

2. அவளைப் பார்த்தவர்கள்

சில வருடங்கள் கழித்து அதே லாட்ஜ் மேனேஜர் வேறு ஏதோ விஷயமாகப் பேசும்போது சொன்னார். "உங்க புஷ்பம் மேடம் பிள்ளைய வாசல்ல விட்டுட்டு அப்படியே திரும்பிட்டாவளே. ஒரு காப்பி குடிச்சிட்டுப் போகக் கூடாதா?" வேறு யாரையோ பார்த்திருப்பார் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் எங்கள் பழைய டிரைவர் ஒருநாள், "புஷ்பம் மேடம் யாரு கூடயும் பேச மாட்டாவளோ?" என்றார். என்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். எப்போதும்வென்றான் என்ற ஊரின் பஸ் ஸ்டாப் டீக்கடைக்காரரிடம் டிரைவர்களுக்காக ஒரு தகவல் சொல்லப் போன் செய்தபோது அவரும் ஆரம்பித்தார்.

"உங்க மேடம் வெயில்லயே நிக்காவம்மா. நெழலுக்கு வாங்கன்னு கூப்பிட்டா கேக்க மாட்டேங்காவ."

போனை வைத்தேன். கை மயிர் சிலிர்த்திருந்தது. பிறகு நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். ஒருத்தி வருவாள், வருவாள் என்று வருடக்கணக்கில் சொல்லி வைத்தால் ஸ்டாப்பில் நிற்கிற எவளும் அவளாகத்தான் தெரிவாள். அந்தக் காரணம் எனக்குத் திருப்தியாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. ஏசி ரூமில் உட்கார்ந்திருப்பவளுக்குப் பெருமைப்படுவது சுலபம்.

3. ஒற்றைப் பனைக்கு அந்தப் பக்கம்

கிளாரா நான்கு மாதம் மெயில் போட்டுத் திட்டம் தயாரித்தவள். பாம்பு, தண்ணீர், துப்பட்டா, மாதவிடாய் நாட்களுக்கு மருந்துக்கடையில் என்ன கிடைக்கும், ஒன்றையும் விடவில்லை. கடைசியாக ஒன்று கேட்டாள். "டெல்லியிலிருந்து மதுரை வரை எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். யாரும் பார்க்காத இடத்தில் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். உங்கள் கரிசல் மண்ணில் அது முடியுமா?"

முடியும் என்று எழுதினேன். காலை ஒன்பதுக்குள், ரோட்டை விட்டுத் தூரம் போகாமல், டிரைவர் கண் பார்வையில். புஷ்பத்தைப் பற்றியும் வழக்கம்போல எழுதினேன். யாராவது கேட்டால் அவள் வருகிறாள் என்று சொல்லிக்கொள், உண்மையில் அவள் கிடையாது.

அன்று புறப்படும்போதே டயர் பஞ்சர். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் உச்சிப் பொழுதாகிவிட்டது. பங்குனி மாதம். அறுவடை முடிந்து, கண்ணுக்கு எட்டிய வரை வெறும் கறுப்பு மண். வெடிப்பு ஒவ்வொன்றும் முழங்கால் ஆழம் இருக்கும்.

"எங்கன இறக்கி விட்டீய?" என்று போனில் சுடலைமுத்துவிடம் கேட்டேன்.

"எப்போதும்வென்றான் தாண்டி ஒத்தப் பனை நிக்கும்லா, அங்கனக்கா. இந்த வெயில்ல தனியா போவாதீங்கன்னு நான் சொல்லுதேன், அந்தப் பிள்ளை கேக்கல. நானும் கூடப் போவோம்னு இறங்கினேன். அப்பம் பாத்தா காட்டுக்குள்ள அந்த மேடம் நிக்காவ."

எங்கள் பக்கம் விளைநிலத்தைக் காடு என்போம். "எந்த மேடம்?" என்றேன்.

"புஷ்பம் மேடம்தான். அரக்குச் சேலை. வழியில ஏறிக்கிடுவாவன்னு ட்ரிப் ஷீட்டுல எழுதியிருந்தீயல்லா? சரி, தொணைக்கு ஆளு வந்தாச்சுன்னு வண்டிக்குத் திரும்பிட்டேன். சீட்டச் சாச்சுப் படுத்தேன், கண்ணு அசந்துட்டு."

அந்த வரியை நான் எழுதாமல் இருந்திருந்தால் அவர் கூடப் போயிருப்பார். ஒரு பெண்ணைக் காப்பாற்ற நான் சொன்ன பொய், அவளைக் காப்பாற்ற நின்றவரைத் தூங்கப் போட்டுவிட்டது. கிளாராவின் வாட்ஸ்அப் லொகேஷனைத் திறந்தேன். பன்னிரண்டு மணிக்கு அந்தப் பனைமரத்தடியில் நின்றது, பிறகு நகரவே இல்லை. அதற்கு அப்பால் டவர் கிடையாது. அவள் கையில் இருந்தது ஒரு லிட்டர் தண்ணீர். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

முதலாளி வண்டியை எடுத்தார். முக்கால் மணி நேரத்தில் அங்கே இருந்தோம். அதற்குள் சுடலைமுத்து பக்கத்து ஊரிலிருந்து ஏழெட்டுப் பேரைத் திரட்டியிருந்தார். எல்லோரும் கிழக்கே கண்மாய்க் கரையில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் அங்கன தேடுதீய?" என்று கத்தினேன்.

"ரெண்டு பொம்பளைய சேந்து போனா நெழலப் பாத்துத்தானம்மா போவாவ? கண்மாய விட்டா ஏது மரம்?" என்றார் ஒரு பெரியவர்.

அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். "ரெண்டு பேரு இல்ல. ஒரு ஆளுதான் போயிருக்கு. புஷ்பம்னு யாரும் கிடையாது. நான் எழுதின பொய் அது."

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் முன்னால் வந்தாள். "என்னம்மா சொல்லுத? நானும் பாத்தம்லா. தூரத்துல அந்தம்மா முன்னால போறாவ, வெள்ளக்காரப் பிள்ளை பின்னால போவுது. அதுக்கப்புறம் ஆடு ஓடிட்டு, எங்கன போனாவன்னு பாக்கல."

கிளாராவின் கடைசி மெயிலைத்தான் நினைத்தேன். யாரும் பார்க்காத இடம். "மேக்க போங்க. மரமும் இல்லாம, குடிசையும் இல்லாம, ஒண்ணுமே இல்லாத பக்கமாப் பாத்துப் போங்க" என்றேன்.

வண்டி மண்ணில் ஆடி ஆடிப் போனது. ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, வறண்ட ஓடை ஓரத்தில் கிடந்தாள். வலது கால் வெடிப்புக்குள் இறங்கி, கணுக்கால் பானை போல வீங்கியிருந்தது. உதடு வெடித்திருந்தது. பாட்டில் காலி. ஆனால் உயிர் இருந்தது, நினைவும் இருந்தது. அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கொடுத்தேன். அழுகையை அடக்க முடியவில்லை.

பேச்சு வந்ததும் அவள் ஆங்கிலத்தில் கேட்ட முதல் கேள்வி: "எஸ்தர், அவளை அனுப்பப் போவதாக ஏன் எனக்கு எழுதவில்லை?"

"யாரை?"

"புஷ்பத்தை. அவள் கிடையாது என்றுதானே எழுதியிருந்தீர்கள்? தூரத்தில் நின்று கையை அசைத்தாள். நீங்கள் மனம் மாறி ஆள் அனுப்பியிருக்கிறீர்கள் என்று நினைத்துப் பின்னால் போனேன். எவ்வளவு வேகமாக நடந்தாலும் அவளை எட்ட முடியவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. கால் மாட்டிக்கொண்டு கத்தினேன். நின்றாள். கிட்டே வரவில்லை. போகவும் இல்லை. உங்கள் வண்டிப் புழுதி தெரிகிற வரை இந்த வெயிலில் அதோ அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்."

அவள் கை காட்டிய இடத்தைப் பார்த்தேன். வெட்டவெளி. காய்ந்த கரிசலில் கிளாராவின் ஷூ தடம்கூடச் சரியாகப் பதியவில்லை, ஆகவே தடத்தை வைத்து ஒன்றும் சொல்வதற்கில்லை. விறகு பொறுக்க வந்தவளாக இருக்கலாம் என்று சுற்றியுள்ள ஊர்களில் விசாரித்தோம். யாரும் நான்தான் என்று சொல்லவில்லை.

வந்தவள் யாராக இருந்தாலும், அந்தப் பெண்ணை அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போனது அவள்தான். விட்டுவிட்டுப் போகாமல் நின்றதும் அவள்தான். அவளைத் திட்டுவதா, கும்பிடுவதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

4. இப்போது

கிளாரா மூன்று வாரம் கட்டுப் போட்டுக்கொண்டு கோவில்பட்டியிலேயே இருந்தாள். பிறகு தனியாகவே கன்னியாகுமரி போனாள். என் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. எனக்குத்தான் என் மேல் கோபம்.

மறுநாளே கம்ப்யூட்டரிலிருந்து புஷ்பம் பெயரை எடுத்தேன். லாட்ஜ் மேனேஜர்களிடம், "தனியாத்தான் வாராவ. ரூம் உண்டா, இல்லையா?" என்று நேராகக் கேட்டேன். இல்லை என்றவர்களை லிஸ்டிலிருந்து அடித்தேன். ட்ரிப் ஷீட்டில் இப்போது, 'எஸ்தர் வழியில் ஏறிக்கொள்வார்' என்று என் போன் நம்பரோடு இருக்கும். நிஜமாகவே போய் ஏறிக்கொள்கிறேன். யாரும் பார்க்காத ஒரு மணி நேரம் வேண்டும் என்று கேட்கும் பெண்ணுக்கு அதையும் கொடுக்கிறேன். ரோட்டோரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு, வாட்சைப் பார்த்தபடி வேறு பக்கம் திரும்பி நிற்பேன். சரியாக ஒரு மணி நேரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன்.

முதல் தடவை நான் அப்படி எப்போதும்வென்றானில் ஏறியபோது, என்னை நேரில் பார்த்திராத ஒரு ஆக்டிங் டிரைவர் இறங்கி வந்து கதவைத் திறந்தார். "வாங்க புஷ்பம் மேடம்." என் பெயர் எஸ்தர் என்றேன். தலையை ஆட்டினார். அந்த வழி முழுக்க எனக்கு அதுதான் பெயர். திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது, இப்போது அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே திரும்பிப் பார்க்கிறேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒரு பெண்ணுக்குத் துணையாக இன்னொருத்தி வருவாள் என்று எழுதினால், அந்த இன்னொருத்தி நீங்களாக இருங்கள். எழுதிவிட்டு ஆபீசில் உட்கார்ந்திருந்தால் அந்த இடம் காலியாக இருக்காது. யாராவது வந்துவிடுவார்கள்.

போன வாரமும் அந்த ஸ்டாப்பில் காத்திருந்தேன். உச்சி வெயில். டீக்கடைக்காரர், "ரெண்டு டீயா, மேடம்?" என்றார்.

"ஒண்ணு போதும் அண்ணாச்சி. நான் மட்டும்தான நிக்கேன்."

அவர் என் தோளுக்குப் பின்னால் ஒரு தடவை பார்த்தார். எடுத்த இரண்டாவது கிளாஸைக் கவிழ்த்து வைத்தார். நான் திரும்பவில்லை. வரவேண்டிய வண்டிக்காக ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.